மண்கரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் சுவர் கட்டினால் குளம் உடையாதா?

கேள்வி, 2024 ஜனவரி 4

டிசம்பர் 17, 18 மழையில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் குளங்கள் உடைந்து ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். உடைந்ததெல்லாம் மண்கரை. எந்தக் காலத்திலோ அள்ளிப் போட்ட மண்ணை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அணைக்கட்டு மாதிரி கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டால் கவலை விட்டது. இதை ஏன் யாரும் கேட்பதில்லை?

ஜனவரி 4, இரவு

தம்பி, எங்கள் குளமும் உடைந்தது. மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கம், மானாவாரிக் குளம், பிசானம் என்கிற மழைக்கால நெல் ஒரு போகம்தான் விளையும். 18-ஆம் தேதி விடியற்காலை நான் கரைமேல் நின்றவன். அதனால் இதைப் பேச எனக்குப் பாத்தியதை உண்டு.

கான்கிரீட் சுவருக்குக் கீழே பாறை வேண்டும். பாபநாசத்தில் மலைக்கு நடுவே பாறை இருக்கிறது, அணை கட்டினார்கள், நிற்கிறது. நம் குளங்கள் கிடப்பது செம்மண்ணும் சரளும் கலந்த சமவெளியில். அதன்மேல் விறைப்பான சுவர் வைத்தால், மழை ஊறி மண் ஒரு பக்கம் அமுங்கும், சுவர் அமுங்கத் தெரியாமல் வெடிக்கும். தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வரும். மண்கரை அப்படியில்லை. தரை அமுங்கினால் தானும் சேர்ந்து அமுங்கி உட்கார்ந்துகொள்ளும். மணிமுத்தாறு அணையைப் பாருங்கள். 1958-இல் கட்டி முடித்தது, 118 அடித் தண்ணீரைத் தாங்குகிறது, நீளத்தில் பெரும்பகுதி மண்கரைதான். மண் என்றால் பலவீனம் என்று அர்த்தமில்லை.

ஜனவரி 5

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன். எங்கள் குளம் உடைந்தது மறுகாலால், அதாவது நிறைந்த குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வாயால்.

அன்றைக்குக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கமே 60-ஐத் தாண்டியது. இது எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 60 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 6 லட்சம் கன மீட்டர், அதாவது 2 கோடி கன அடிக்கு மேல். முன்பே மழை பெய்து தரை ஊறிக் கிடந்ததால் குடிப்பதற்கு மண்ணுக்கு இடமில்லை. ஓடையெல்லாம் திரண்டு குளத்துக்கு வந்தது. வந்த தண்ணீர் வெளியேற ஒரே வழி மறுகால்.

அந்த மறுகாலில் இரண்டு அடி உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தது. ஐப்பசி கடைசியில் அடுக்கினோம். முந்தின வருஷம் கடைசித் தண்ணீர் பத்தாமல் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் காய்ந்துபோனது, அந்தப் பயம். ஊர்க்கூட்டத்தில் மூட்டை வைக்கலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். 17-ஆம் தேதி இரவு இடுப்பளவு இழுப்பில் கயிறு கட்டி இறங்கி மூட்டைகளை உருவினோம். பாதிதான் முடிந்தது.

அதனால் சொல்கிறேன், கரை உடைவதற்குக் கரை காரணமில்லை.

ஜனவரி 5, அரை மணி நேரம் கழித்து

மறுகாலில் பழைய காலத்தில் கற்கள் நட்டிருப்பார்களே, அது எதற்கு என்று அம்பாசமுத்திரத்து அக்கா கேட்டார். நடுவில் சந்து விட்டு வரிசையாக நட்டிருப்பார்கள். அடைமழைக் காலத்தில் சந்து திறந்தே கிடக்கும், வருகிற வெள்ளம் தானாகப் போய்விடும். மழை ஓய்கிற நேரத்தில் சந்துகளில் பலகை செருகி, களிமண்ணும் புல்லும் வைத்து அடைத்து, கடைசியில் வருகிற தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிப் பிடிப்பார்கள். ஆக மறுகாலை அடைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எப்போது அடைப்பது என்று அந்தக் கல்லை நட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் முன்கூட்டியே அடைத்தோம்.

ஜனவரி 9

என் ஐந்தாம் தேதிக் குறிப்பைத் திருத்துகிறேன். "கரை உடைவதற்குக் கரை காரணமில்லை" என்று எழுதியது சரியில்லை.

மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்ட எங்கள் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. இப்போது கண் மங்கல், மடைக்குப் போவதில்லை. நேற்று அவரிடம் மறுகால் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "கரைமேல தண்ணி ஏறவே இல்லடே. நீ போயி உடைப்புக்கு ரெண்டு பக்கமும் புல்லப் பாத்துட்டு வா" என்றார்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். உடைப்பின் அகலம் முப்பது தப்படி. இரண்டு பக்கமும் கரை செங்குத்தாக வெட்டுண்டு நிற்கிறது. மேலே புல் நிமிர்ந்துதான் நிற்கிறது, சாய்ந்த புல் ஒன்றுகூட இல்லை. உட்சரிவில் வைக்கோலும் வேப்பங்கொட்டையும் உடை முள்ளும் ஒரே நீளக் கோடாக ஒதுங்கியிருக்கின்றன. தண்ணீர் கடைசியாக நின்ற உயரம் அது. கோட்டிலிருந்து கரையின் தலைக்குக் கையால் அளந்தேன், ஒன்றரைச் சாண் இருக்கிறது. தண்ணீர் கரை ஏறி விழுந்திருந்தால் இந்தக் கோடு இங்கே இருக்காது, வெளிச்சரிவு படிப்படியாக அரித்திருக்கும்.

உடைந்த இடம் நடு மடை. மறுகாலுக்கும் அதற்கும் கால் கிலோமீட்டர் தூரம். மடைக்காக வைத்த பழைய கல் கால்வாய் கரையைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போகும் இல்லையா, அந்தக் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் வழி பிடித்திருக்கிறது. கல்லோடு மண் ஒட்டி நிற்காது. திமிசு போட்டு இடிக்கிறவனுக்கும் கல்லின் பக்கவாட்டு இடுக்கு எட்டாது. அங்கே ஒரு நூல் கசிவு தொடங்கினால், மண்ணை மாவு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வெளியே வரும். துளை உள்நோக்கி வளரும். குளத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் நிமிஷக் கணக்கு.

மூட்டையால் நீர் மட்டம் கூடியது, கூடிய மட்டம் மடையில் அழுத்தத்தைக் கூட்டியது. அந்தப் பழி எங்களுக்கு உண்டு, அதைத் துடைக்கவில்லை. ஆனால் மடை சரியாக இருந்தால் குளம் நின்றிருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் டார்ச்சோடு மறுகாலில்தான் நின்றோம்.

ஜனவரி 9, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் நடு மடைக்கு வெளிப்பக்கம் கரையடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததைப் பார்த்த ஞாபகம் வருகிறது. மடையைச் சரியாக அடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் போய்விட்டேன். இறங்கி ஒரு கை அள்ளிப் பார்த்திருக்க வேண்டும்.

ஜனவரி 11

"அள்ளிப் பார்த்தால் என்ன தெரியும்?" என்ற கேள்விக்கு.

மண்கரை கசியும். கசியாத மண்கரை கிடையாது. கரைக்கு வெளியே ஈரம் காண்பதும், தெளிந்த தண்ணீர் ஒரே அளவாக ஊறி ஓடுவதும் பெரிய ஆபத்து இல்லை. ஊறுகிற தண்ணீர் கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். தெளிவாக இருந்தாலும் நேற்றைவிட இன்று அதிகமாக ஓடினால் அதுவும் கெடுதல்தான். மழைநாளில் வெளியே எல்லாமே கலங்கல் என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஊற்று வாயிலேயே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் மண் படிந்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஒன்று கட்டாயம். கலங்கி வருகிற ஊற்றை வெளிப்பக்கம் களிமண் வைத்து அடைக்கக் கூடாது. பதற்றத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு இடம் கிழித்துக்கொண்டு வரும். ஊற்றின்மேல் முதலில் ஆற்று மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று போட வேண்டும். தண்ணீர் வடியும், மண் தங்கும். சுற்றி மூட்டை அடுக்கி வட்டம் கட்டினால் உள்ளே தண்ணீர் கொஞ்சம் ஏறி நின்று எதிர் அழுத்தம் கொடுக்கும். இந்த மணலையும் ஜல்லியையும் மழைக்கு முன்பே கரையில் குவித்து வைத்திருக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு எவன் லாரி விடுவான்?

ஜனவரி 14

மடை என்றதும் ராதாபுரத்து அண்ணாச்சி குமிழித்தூம்பு என்கிற பழைய கல் மடையைப் பற்றி எழுதச் சொன்னார். எனக்குப் பிடித்த விஷயம்.

பாண்டிய நாட்டுப் பழைய குளங்களில் கரையிலிருந்து உள்ளே தள்ளி, தண்ணீருக்கு நடுவில் இரண்டு கல் தூண் நிற்கும். நடுவே குறுக்குக் கல் பாலம். அடியில் கல் தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை. அதற்கு நீரோடித் துளை என்று பெயர். தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் சின்னத் துளைகள், அவை சேறோடித் துளை. மேல் துளையை அடைக்கிற கல்லைத் தூக்கினால் தண்ணீர் குமிழியிட்டு உள்ளே இறங்கும், கீழே சேறும் சேர்ந்து இழுபடும். தண்ணீரும் வண்டலும் ஒன்றாகக் கரைக்கு அடியில் போகிற கால்வாய் வழியே வயலுக்கு. மூழ்கி அந்தக் கல்லைத் தூக்கத் தனியே ஆள் இருந்தான்.

சிலர் இதைச் சொல்லும்போது அந்தக் காலத்து மடை உடையவே உடையாது என்கிறார்கள். அதுவும் கரையைத் துளைத்துத்தான் போகிறது. பார்க்க ஆள் இருந்தவரை நின்றது, அவ்வளவுதான். மானூரில் கி.பி. 800-ஐ ஒட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று வரையறை சொல்கிறது. சிற்றாற்றுத் தண்ணீர் வருகிற பெரிய குளம் அந்த ஊருக்கு இருக்கிறது. குளமும் சபையும் ஒரே ஊரில் இருப்பதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இது என் எண்ணம், கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை.

ஜனவரி 21

பனை பற்றி இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். கரையில் பனை நட்டால் பலம் என்கிறார் ஒருவர், எந்த மரமும் கூடாது என்கிறார் இன்னொருவர். நான் பார்த்தவரை இருவரும் பாதி சரி. பனைக்குச் சல்லி வேர், கொத்தாக மண்ணைப் பிடிக்கும். ஆலும் அரசும் வேம்பும் தடித்த வேரைக் கரைக்குள் குறுக்கே விடும். மரம் உயிரோடு இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. வெட்டிய பிறகு வேர் மட்கி, இருந்த இடத்தில் குழாய் மாதிரி பொந்து நிற்கும். பனைகூடக் கரையடியில் வெளிப்பக்கம் நிற்பது நல்லது, கரையின் உடம்பில் வேண்டாம். மடைக்குப் பக்கத்தில் எதுவுமே வேண்டாம்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி நான் வேறு ஒன்று சொல்வேன். அது அடர்ந்தால் கரையடி கண்ணுக்குத் தெரியாது. எங்கள் நடு மடையைச் சுற்றி ஆள் நுழைய முடியாத முள். எலி வளையும் நண்டு வளையும் அதற்குள்தான்.

பிப்ரவரி 2

யாரிடம் மனுக் கொடுப்பது என்று கேட்டவருக்கு: ஆயக்கட்டு, அதாவது குளத்தால் பாயும் வயல், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆயக்கட்டுக் கணக்கை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அலைச்சல் பாதி குறையும்.

மே 19

வெகுநாள் எழுதவில்லை. உடைப்பை அடைக்கிற வேலை நடக்கிறது.

முதல் நாளே தகராறு. டிப்பரில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள், பொக்லைன் மேலே ஏறி நாலு தடவை மிதித்தது, அவ்வளவுதான். ஒரே வீச்சில் ஆறடி உயரம். காய்ந்த மண், புழுதி பறக்கிறது. வேலை எடுத்தவரிடம் கேட்டதற்கு, மழை பெய்தால் தானாக இறுகும் என்றார். மழை பெய்தால் அது சரியும். நாங்கள் பத்துப் பேர் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டோம். பொறியாளர் வந்தார். அவர் நல்ல மனிதர், போட்டதை எடுக்கச் சொன்னார்.

இப்போது ஒரு சாணுக்கும் குறைவாக மண் பரப்பி, தண்ணீர் லாரி தெளித்து, ரோலர் ஓட்டி, அதன்மேல் அடுத்த பரப்பு. பழைய கரையின் வெட்டுமுகத்தைப் படிக்கட்டாகக் கொத்திவிட்டு அதில் புது மண்ணைப் பூட்டுகிறார்கள். செங்குத்தாக ஒட்டினால் பழசும் புதுசும் சேருகிற கோட்டில் மறுபடி பிளக்கும்.

ஈரம் சரியா என்று பார்க்கத் தாத்தா ஒரு வழி சொன்னார். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறக்க வேண்டும். கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாகப் போனால் ஈரம் பத்தாது, அப்பமாக அப்பிக்கொண்டால் கூடிப்போச்சு. பொறியாளரிடம் கருவி இருக்கிறது. ரெண்டும் ஒன்றாகத்தான் சொல்கின்றன, இந்த வாரம் முழுக்க நான் ஒத்துப் பார்த்தேன்.

மே 23

நடு மடையைப் புதுக் குழாய் வைத்துக் கட்டுகிறார்கள். குழாயின் நெடுக நடுநடுவே கான்கிரீட் காலர் வருகிறது. தண்ணீர் குழாயை ஒட்டியே ஓடிவராமல் சுற்றிப் போகட்டும் என்று. பக்கவாட்டில் ரோலர் எட்டாத இடத்தை ஆள் நின்று இடிக்கிறார்கள். நான் தினமும் போய் அந்த இடத்தில் நிற்கிறேன். என்னைப் பார்த்தாலே இடிக்கிற பையன் சிரிக்கிறான், "சித்தப்பா வந்தாச்சு" என்கிறான்.

ஜூலை 16

வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிறார்கள் இப்போது. நல்ல காரியம். கரம்பை, அதாவது அந்த வண்டல், போட்ட வயலுக்கு உரம் குறைவாகப் போதும். ஆனால் எடுக்கிறவர்கள் கரையை ஒட்டித் தோண்டாதீர்கள். டிராக்டர் திரும்ப வசதி என்று கரையடியிலேயே பள்ளம் எடுக்கிறார்கள். கரை காலூன்றி நிற்கிற இடம் அது. மேலே இருக்கிற களி மண்தான் தண்ணீரை அடியில் இறங்கவிடாமல் தடுக்கிற பாய். அதைக் கிழித்துச் சரளைத் தொட்டுவிட்டால் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வெளியே வரும். குளத்தின் நடுவே போங்கள், பரவலாக எடுங்கள்.

ஜூலை 30

ஆடிக் காற்றில் புதுக் கரையின் தலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, விரல் போகிற அளவு. பொறியாளரிடம் காட்டினேன். காய்ந்ததால் வந்த வெடிப்பு, கரை நகர்ந்ததால் வந்தது இல்லை, கரைக்கு நெடுகவோ குறுக்காகவோ ஆழமாக ஓடினால்தான் பயம் என்றார். வெட்டிக் கிளறி ஈரப்படுத்தி இடித்தார்கள்.

ஆகஸ்ட் 11

குடிமராமத்து என்றால் 2017-இல் அரசு தொடங்கிய திட்டம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2017-இல் வந்தது அந்தப் பெயரின் மறுபிறப்பு. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு அழைக்கலாம், வழக்கமான மராமத்தில் பங்கெடுக்க வைக்கலாம் என்று 1858-இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. ஊர்ப் பழக்கம் அதற்கும் முந்தியது. பழக்கம் தளர்ந்ததால்தான் சட்டம் தேவைப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

அக்டோபர் 20

ஊர்க்கூட்டம். மறுகாலில் மூட்டை வைக்க மறுபடி பேச்சு வந்தது. கார்த்திகை முடியும்வரை ஒரு மூட்டையும் கிடையாது என்று முடிவு. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார், அவருக்கு வயல் கடைமடையில். அவர் கோபம் நியாயமானது. அவருக்குக் கடைசித் தண்ணீரை முதலில் விடுவது என்று முறை மாற்றிப் பேசியிருக்கிறோம். நடக்குமா என்பது மாசியில் தெரியும்.

மூன்று மடைக்கும் ஆள் போட்டாயிற்று. நடு மடை எனக்கு.

டிசம்பர் 13

இரண்டு நாளாக விடாத மழை. தாமிரபரணியில் வெள்ளம். எங்கள் குளம் நேற்று இரவு பெருகி மறுகால் விழுந்தது. சத்தம் வீடு வரைக்கும் கேட்கிறது.

ராத்திரி ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு என்று நாலு தடவை நடு மடைக்குப் போனேன். வெளிப்பக்கம் கரையடியில், கரையடி மாடன் பீடத்துக்கு நேராக ஒரு ஊற்று இருக்கிறது. ஒன்பது மணிக்குப் பாட்டில் நிறைய அறுபது எண்ண வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு நாற்பது. நெஞ்சு அடித்துக்கொண்டது. பொறியாளருக்குப் போன் செய்தேன். குளம் ஏறியிருப்பதால் கூடும், கலங்கல் இருக்கிறதா பார் என்றார். மணலும் ஜல்லியும் தார்ப்பாய்க்கு அடியில் தயாராக இருக்கின்றன.

டிசம்பர் 13, காலை 6:40

ஆறு மணிப் பாட்டில் நிறைய நாற்பத்திரண்டு. பீடத்துத் திண்ணையில் வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன். டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தேன். ஒரு வேப்பிலைத் துணுக்கு மட்டும் கிடந்தது, மண் இல்லை. தாத்தாவிடம் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். கண் தெரியாது அவருக்கு, விரலை உள்ளே விட்டு அடியைத் தடவிப் பார்த்து, "தெளிவா இருக்குடே" என்றார். ஒன்பது மணிக்கு மறுபடி போக வேண்டும்.